வாசனைக்கு ஒரு வரம்பு

தலைவர் மறுபடியும் தும்மினார்.

பேச்சு பாதியில் நின்றது. மாதவிடாய் நாப்கினில் சேர்க்கும் வாசனை ரசாயனத்துக்கு வரம்பு வைக்கலாமா என்று முடிவெடுக்க நிபுணர் குழு கூடியிருந்தது. குழுவில் எல்லோரும் ஆண்கள். ஆக, விஷயம் தெரிந்தவர்கள். தலைவர் மட்டும் நாப்கின் என்று வாய்விட்டுச் சொல்லக் கூசி, ‘அந்தப் பொருள்’ என்றே ஓட்டிக்கொண்டிருந்தார்.

சோதனைச் சாலையிலிருந்து வந்திருந்த வேதியியலாளர்தான் அறையில் ஒரே பெண். சோதனை முடிவுகளைச் சொல்லி முடித்திருந்தாள். யாரும் நிமிர்ந்து பார்க்காததால் தன் அக்காவைப் பற்றியும் சொன்னாள்.

அக்கா பஸ் கண்டக்டர். மாதாமாதம் தோல் வெந்து புண்ணாகி, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் டிக்கெட் கிழிக்கிறாள்.

நாப்கின் தயாரிக்கும் கம்பெனிக்காரர் கனிவாகச் சிரித்தார். சிலருக்குத் தோல்வாகு அப்படி என்றார்.

தலைவர் தலையாட்டினார். பூ பட்டாலே புண்ணாகிறவர்களுக்காகச் சட்டம் போட முடியுமா?

வரம்பு தேவையில்லை என்று முடிவாயிற்று.

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவருக்குத் தும்மல் அடுக்கடுக்காக வந்தது. கண் சிவந்தது. கழுத்தைப் பறபறவென்று சொறிந்துகொண்டார்.

“எவன்யா இங்க ரூம் ஸ்ப்ரே அடிச்சது? எனக்கு ஒத்துக்காதுன்னு எத்தனை தடவை சொல்றது!”

அறையே பதறியது. ஒருவர் ஜன்னலைத் திறக்க ஓடினார். ஒருவர் ஏசியை நிறுத்தினார். கம்பெனிக்காரர் தன் கைக்குட்டையையே நீட்டினார். ஒரே ஒரு மூக்குக்கு இத்தனை பேர்.

அவள் மட்டும் நகரவில்லை.

“ஸ்ப்ரே யாரும் அடிக்கலை சார். உங்க முன்னாடி பிரிச்சு வெச்சிருக்கிற நாப்கின்தான் அது.”

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்க்காமலிருக்கப் பாடுபட்டார்கள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். வந்துவிட்டது. இனியுமா தெரியாது என்று அவள் காத்திருந்தாள்.

தலைவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மறு கையால் கையெழுத்துப் போட்டார்.

போட்டுவிட்டு, வாசனை சேர்த்த எதையும் இனி இந்த அறைக்குள் கொண்டுவரவே கூடாது என்று கண்டிப்பாக உத்தரவிட்டார்.

அன்று குழு விதித்த ஒரே தடை அதுதான்.