கடைசி அத்தியாயத்து மழை

புத்தகத்தைப் படிக்காமல் வருபவனை எங்கள் வாசகர் சங்கத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். லண்டனிலிருந்து வரவழைத்த, காட்டைப் பற்றிய அந்த ஒரே புத்தகம், எங்கள் மூன்று பேரிடமும் ஆளுக்கு ஒரு வாரம் இருந்துவிட்டு, சூலியா தெருச் சாப்பாட்டுக் கடை மேசைக்கு வந்திருந்தது. நான் அதைத் திறக்கவே இல்லை.

“கடைசி அத்தியாயத்துல அந்த மழை! நனைஞ்சே போயிட்டேன்லா,” என்றார் தலைவர் சவரியப்பன்.

“எனக்குக் குளிரே வந்திருச்சு அண்ணே,” என்றான் லூர்து.

“தம்பி, நீ வாயே திறக்கல. படிச்சியா இல்லையா? அந்த மழையை வாசி, பார்ப்போம்,” என்றார் தலைவர் என்னிடம்.

தொலைந்தேன் என்று புத்தகத்தைப் பிரித்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை தாள்கள் அச்சகத்தில் மடித்தபடியே, ஓரம் வெட்டப்படாமல் ஒட்டியிருந்தன. அந்தக் காலத்துப் புத்தகம்; மடிப்பைக் கத்தியால் வெட்டினால்தான் உள்ளே படிக்க முடியும்.

“வாசிக்கிறேண்ணே. முதல்ல ஒரு கத்தி குடுங்க.”

தலைவர் புத்தகத்தையே பார்த்தார்.

“சாப்பிடுற இடத்துல கத்தி எதுக்குப்பா? மீனைச் சாப்பிடு, ஆறிடும்.”