பச்சைப் பாதையில் நின்ற கார்

"தினம் அரைமணி சைக்கிள் மிதிச்சா மாத்திரை பாதியாக் குறையும், அப்புறம்…" என்று பெரிய டாக்டர் சொன்னதை முதலாளி காருக்குள் உட்கார்ந்து போனில் சொன்னார்; அதில் மீதி காருக்கு மறந்துவிட்டது. அன்றிலிருந்து முதலாளி சிங்காரவேலு தினமும் காரிலேயே ஜிம்முக்குப் போனார். ஜிம் வாசலில் சைக்கிளுக்கென்று போட்டிருந்த பச்சைப் பாதையில் காரை நிறுத்துவார்.

பால்காரரையும் பால் கேனையும் சுமந்து வந்த சைக்கிள் மணியடித்தது. "அண்ணே, கொஞ்சம் நகருங்க. ரோட்டுல இறங்கினா பஸ்காரன் உரசுறான்."

"அரைமணி பொறுத்துக்கப்பா. முதலாளி உள்ளே சைக்கிள் மிதிக்கிறார்."

"மிதிச்சு எந்த ஊருக்குப் போறாராம்?"

கார் சிரித்துவிட்டது. சைக்கிள் சுற்றிக்கொண்டு ரோட்டில் இறங்கியது. பஸ் உரசியது.

பால்காரர் நொண்டிக்கொண்டே எழுந்து, வளைந்த சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். தான் சிரித்ததுதான் காருக்குத் தாளவில்லை.

மறுநாள் காலை முதலாளி சாவியைத் திருகினார். கிளம்புவதில்லை என்று கார் முடிவு செய்தது.