ஊசி ரெடி

திருத்தங்கல் கல்யாண மண்டபத்து மேடையில், செழியனின் தலைக்கு மேலே பன்னிரண்டடி பேனரில் கிருமி சிரித்துக்கொண்டிருந்தது.

அச்சகத்தில் கிருமியின் படம் கிடைக்கவில்லை. போன சீசன் தரைச்சக்கர லேபிளையே பச்சையாக்கி, முள் வைத்து அடித்துவிட்டார்கள்.

கீழே, ‘கொரோனாவுக்கு வெடி வைத்த எங்கள் விஞ்ஞானி’.

வெடியெல்லாம் வைக்கவில்லை. கல்லூரியில் பாடம் நடத்தும் செழியன், கிருமியின் மேல் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தில் சில துண்டுகளைத் தேர்ந்தெடுத்து, கணினியில் ஒட்டவைத்து, ஒரு தடுப்பூசிக்கு வரைபடம் போட்டிருந்தான். பதினெட்டுப் பக்கக் கட்டுரை.

இதை இனிமேல்தான் ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும் என்றது கடைசி வரி. ஓர் எலிக்குக்கூடப் போட்டதில்லை.

அந்தக் கட்டுரையை இதுவரை நான்கு பேர் வாசித்திருந்தார்கள். அதில் மூன்று பேர் எழுதியவர்கள்.

பட்டாசு கம்பெனி முதலாளி அய்யாதுரை மைக்கைப் பிடித்தார். “சொந்த அக்காவக் கொரோனாவுக்குப் பறிகொடுத்த ஆவேசத்துல இந்த ஊசியக் கண்டுபிடிச்சாரு நம்ம செழியன். அந்த மாடத்தி யாரு? நம்ம கம்பெனியில இருபது வருசம் திரி சொருகுன பிள்ள.”

கட்டுரை முடிந்தது மார்ச்சில். அக்கா போனது மே மாதம்.

முதலாளியின் ஆவேசம் முன்தேதியிட்டு வந்திருந்தது.

இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் செழியன் வந்திருந்தான். இது ஊசியே இல்லை, வெறும் படம். ஒரே வாக்கியம். பேருந்தில் நாலு தடவை சொல்லிப் பார்த்தான். நாலு தடவையும் நன்றாகத்தான் வந்தது.

அதற்குள், துண்டு போர்த்த அக்கா வீட்டுக்காரர் சீனிச்சாமியை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

போர்த்தினார். ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி யாரோ அவர் கையில் மைக்கைத் திணித்தார்கள். அவர் கூட்டத்தைப் பார்க்காமல் செழியனைப் பார்த்தே பேசினார்.

“எனக்குப் பேச வராது மாப்ள. நர்சம்மா கம்பெனிக்கே மூணு வாட்டி ஊசியோட வந்தாக. அம்புட்டுப் பேரும் போட்டுக்கிட்டாக, இவ மட்டும் கையக் குடுக்கல. ‘எந்தம்பி ஊசி ரெடின்னு போன் போட்டுச் சொல்லிட்டான், போட்டா அதத்தான் போடுவேன்’னுட்டா. கடைசி வரைக்கும் உங்கள விட்டுக்கொடுக்கலையே மாப்ள.”

அவர் குரலில் குறை ஏதும் இல்லை. பெருமைதான் இருந்தது.

மண்டபமே கைதட்டியது.

செழியனும் தட்டினான்.