றொசானா தூங்கிய பிறகு

“ரெண்டு மூடி குடுத்திருவோம். விடியிற வரைக்கும் எந்திரிக்கவே மாட்டா” என்று ஜூட்சன் கிசுகிசுத்தான். அவன் கையில் சளி மருந்துப் போத்தல் இருந்தது. பிள்ளைக்குச் சளியும் இல்லை, இருமலும் இல்லை.

“ஒங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? அத மொதல்ல உள்ள வைங்க” என்று ஜோசப்பின் பல்லைக் கடித்தாள். “நானே தூங்க வச்சிருவேன்.”

“வேன் வர்ற நேரமாச்சே!”

“அதுக்குள்ள தூங்கிருவா.”

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. விடிந்தால் குவைத்துக்கு விமானம். டயகமவிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போக ராத்திரி முழுக்க ஓட வேண்டும். தனி வீட்டுக்கென்று எழுப்பிய சுவர்கள் கூரையில்லாமல் மழையில் நனைந்துகொண்டிருக்கும்போது, போகாமல் இருக்கவும் வழியில்லை.

எல்லாம் தயாராக இருந்தது. பயணப் பை பக்கத்து வீட்டு வேலாயியின் கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்தது. எட்டு வயது றொசானாவுக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டியிருக்கிற வீடுகளுக்கு நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். அதனால் புருசனும் பெண்டாட்டியும் இந்தப் பயணப் பேச்சைத் மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலியடியில் நின்றுதான் பேசி முடித்திருந்தார்கள்.

போன தடவையும் இப்படித்தான், பிள்ளை தூங்கிய பிறகு கிளம்பினாள். அழுகை இல்லை, காலைக் கட்டிக்கொள்கிற கூத்து இல்லை. பிள்ளைக்கு வலிக்காமல் வந்துவிட்டோம் என்கிற அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் குவைத்தில் இரண்டு வருடத்தையும் ஓட்டினாள்.

ஆனால் இந்தத் தடவை அது லேசில்லை. அவள் திரும்பி வந்ததிலிருந்து றொசானா ராத்திரியில் அடிக்கடி விழித்துக்கொண்டாள். இருட்டில் கையை நீட்டி அம்மாவின் முகத்தைத் தடவிப் பார்ப்பாள். கையில் முகம் தட்டுப்பட்ட பிறகுதான் மறுபடியும் கண்ணை மூடுவாள். எலி ஓடினாலும் எழுந்துவிடுகிற பிள்ளையை இன்றைக்கு விடியும்வரை தூங்க வைத்தாக வேண்டும்.

தூங்க வைப்பதில் ஜோசப்பின் கெட்டிக்காரி. குவைத்தில் வேலை பார்த்த வீட்டு மேடத்தின் இரட்டைப் பிள்ளைகளுக்கு அவள்தான் ராத்திரிக் காவல். ஊரான் பிள்ளைக்குப் பழகிய வித்தையைப் பெற்ற பிள்ளையிடம் காட்ட இன்றைக்குத்தான் வேளை வந்திருக்கிறது. இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல!

மத்தியானத்துக்குப் பிறகு பிள்ளைக்குப் பிளேன்டீ கொடுக்கவில்லை. தேயிலைக்கு நடுவில் குடியிருந்துகொண்டு அதைச் செய்து பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும். டீவியைப் போடவில்லை, போனை ஒளித்து வைத்தாள். இளம் சூட்டுத் தண்ணீரில் கால்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, குளிருக்கு மேஸ் மாட்டிவிட்டாள். லைட்டை அணைக்கப் போனபோது றொசானா எழுந்து உட்கார்ந்தாள்.

“அம்மா, சட பின்னி விடுங்க.”

“இந்நேரத்துலயா? காலையில பின்னிக்கலாம்டி.”

“இல்ல, இப்பயே பின்னுங்க. ரெட்டச் சட. நல்லா இறுக்கமா.”

தூக்கத்தைத் தள்ளிப்போடப் பிள்ளைகள் என்னென்ன சாக்குச் சொல்லும் என்று ஜோசப்பினுக்குத் தெரியாதா? நேரம் போய்க்கொண்டிருந்தது. வாசலில் ஜூட்சன் நிற்பதும் நடப்பதுமாக இருந்தான். ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவசரத்தில் ஒரு சடை கோணலாகிப்போக, அதை அவிழ்த்து மறுபடியும் பின்னினாள்.

பிறகு லைட்டை அணைத்து, கம்பளிக்குள் மகளை அணைத்துக்கொண்டு படுத்தாள். தன் மூச்சை மெதுவாக விட்டாள். ஒட்டிப் படுத்திருக்கிற பிள்ளையின் மூச்சும் கொஞ்ச நேரத்தில் அதே வேகத்துக்கு இறங்கிவிடும். முதுகைத் தட்டுவதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தாள்.

கீழே ரோட்டில் வேன் வந்து நின்றது. ஹோன் அடிக்காதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தும், அந்தப் பாவி ‘பாம், பாம்’ என்று லயமே அதிர அடித்தான்.

“எளவெடுத்தவன்” என்று வாசலில் ஜூட்சன் முனகினான்.

ஜோசப்பினுக்கு உயிரே போய்விட்டது. குனிந்து மகளைப் பார்த்தாள். றொசானா அசையக்கூட இல்லை.

கடைசியாக ஒரு சோதனை பாக்கி இருந்தது. மகளின் கையை மெல்லத் தூக்கி விட்டாள். அது தொப்பென்று கம்பளி மேல் விழுந்தது. மேடத்தின் பிள்ளைகளிடம் ஒரு நாளும் பொய்க்காத சோதனை அது. கர்த்தருக்கு நன்றி சொல்லிவிட்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்து எழுந்தாள்.

ஜூட்சன் கதவைத் திறந்தான். பனிக்காற்று உள்ளே வந்தது. “சீக்கிரம் வா” என்று கையைக் காட்டினான்.

ஜோசப்பின் வாசல்படி வரைக்கும் வந்துவிட்டாள். அங்கிருந்து மகளிடமே திரும்பிப் போனாள். முத்தம் கொடுத்தால் விழித்துவிடுவாளோ என்று பயம். கம்பளியைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்தி, சத்தம் வராமல் அழுதாள்.

“தூங்கு தங்கம்” என்று மூச்சுக் காற்றிலேயே சொன்னாள். “போன தடவ மாதிரியே, ஒனக்கு ஒண்ணும் தெரியாமலே அம்மா போயிர்றேன்.”

றொசானா கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“போன தடவயும் நான் தூங்கலம்மா.”