ஐவியின் கடைசி வார்த்தை

எழுந்தேன். சவரம் செய்துகொண்டேன். காப்பி போட்டேன். ஏழு மணிக்கு ஐவியின் அண்ணன் லூயிஸ் வந்தார்.

"திங்கக்கிழமை வருஷப் பூசை, மாப்ளே. கல்லறைக் கல்லுல வெட்டணும். தங்கச்சி கடைசியா இன்னா சொன்னா?"

"'இயேசுவே'ன்னா."

லூயிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை எழுதிக்கொண்டு போனார்.

போன வருஷம் ஐவிக்கு ஜுரம் விட்டதும் உடம்பு தேற பீர் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். யுத்த காலம், பட்டாளத்து டப்பா பீர்தான் கிடைத்தது. அவள் அதைக் குடிக்கவில்லை. பாட்டில் பீர் தேடித் தேனாம்பேட்டைக்குப் போனேன். அப்படி என்ன வித்தியாசம் என்று கடையிலேயே ஒன்றைத் திறந்து குடித்துப் பார்த்தேன். பாட்டில்தான் உசத்தி. இன்னொன்றும் குடித்தேன். வீடு திரும்பியபோது அவள் உயிரோடு இல்லை.

நான் கிளம்பும்போது அவள் சொன்னது இதுதான்:

"டப்பால தகர நாத்தம். பாட்டில்ல வாங்கியாங்க. வழியில நிக்காதீங்க, பயமா இருக்கு."