கழற்றாத சப்பாத்து

இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த பதினெட்டு வருஷமாக ஞானசேகரம் வீட்டுக்குள்ளும் சப்பாத்தோடுதான் நடந்தார். படங்களில் வெள்ளைக்காரன் அப்படித்தானே நடக்கிறான்! வாசலில் செருப்பைக் கழற்றும் தன் சனத்தைக் கண்டால் முகம் சுளிப்பார். "வந்த நாட்டுக்கு ஏத்த மாதிரி மாறத் தெரியாத சென்மங்கள்." அவர் கம்பளத்தில் அப்பிய சேற்றை மனைவி யோகராணி முழங்காலிட்டுத் துடைப்பாள்.

அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் அவர்களை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஞானசேகரம் பனிச்சேற்றுச் சப்பாத்தோடு நேரே கூடத்து நடுவில் போய் நின்றார். வெறும் காலுறையோடு நின்ற வீட்டுக்காரர்கள் அவருடைய காலையே பார்த்தார்கள்.

வாசலில் வரிசையாகக் கிடந்த சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் யோகராணி தன்னுடையதையும் கழற்றி வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, துடைக்க ஒரு துணி கேளுங்கோ. உங்களுக்குத்தானே அவையின்ர பாஷை தெரியும்."