அண்ணன் வந்தால் அடங்கும் பெட்டி

"நான் வந்ததும் நிறுத்திட்டியா, திருட்டுப்பயலே?"

கீழ் வீட்டு அண்ணன் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நானே செய்த கிடார் ஆம்ப்ளிஃபயர் மேசைமேல் கமுக்கமாக இருந்தது. சற்று முன்வரை 'ங்ங்ங்' என்று வீட்டையே அதிர வைத்த பெட்டி அது.

"நான் கையே வைக்கலண்ணா. தானா நின்னுடுச்சு."

"தினமும் சாயங்காலம் நான் படியேறினா மட்டும் தானா நிக்குமா? யார் காதுல பூ சுத்துற?"

எனக்கும் அதுதான் புரியவில்லை. எர்த் ஒயரை மாற்றினேன். வெளி இரைச்சல் புகாமலிருக்கப் பெட்டிக்குள் தகரம் அடித்தேன். அவர் இறங்கிப் போனதும் மறுபடி உறுமும்.

"இன்னிக்கு இது கத்துற வரைக்கும் நகர மாட்டேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெட்டி மூச்சு விடவில்லை. இருவரும் முறைத்துக்கொண்டிருந்தோம்.

கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. கடைக்குப் போன அண்ணி திரும்பிவிட்டார். அடுத்த நிமிடமே பெட்டி உறுமியது.

"பாத்தியா!" அண்ணன் துள்ளி எழுந்தார்.

எனக்குப் பொறி தட்டியது. ஜன்னலில் எட்டிப் பார்த்து, "அண்ணி, இப்பப் போட்ட லைட்டை அணைங்க!" என்று கத்தினேன்.

சத்தம் நின்றது.

"திரும்பப் போடுங்க!"

உறுமியது.

கீழ்க் கூடத்து விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க அண்ணன் தன் கையாலேயே மாட்டிய டிம்மர் சுவிட்ச்! விளக்கை அணைக்காமல் வாசற்படி தாண்டாத மனிதர் அவர். சண்டைக்கு வந்தாலும் அணைத்துவிட்டுத்தான் வருவார்.

"உங்க டிம்மர்தாண்ணா இதைக் கத்த வைக்குது."

அண்ணன் ஒரு கணம் திகைத்தார். அடுத்த கணம் என் சட்டையைப் பிடித்தார்.

"அடப்பாவி! அப்போ இத்தனை நாளா என் வீட்டுக் கரண்டுலதான் உன் பொட்டி கத்திச்சா?"